அட்டை ஊருக்குள் அசல் உருக்கம்: கோமாளி கௌபாய் படங்கள் எப்படி உருவாகின்றன?

மெல் புரூக்ஸ் என்ற அமெரிக்க இயக்குநருக்குத் தன் படத்தின் டைட்டில் பாட்டைப் பாட ஒரு குரல் தேவைப்பட்டது. "ஃபிராங்கி லேன் மாதிரி பாடுகிறவர் வேண்டும்" என்று சினிமாத் தொழில் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். ஃபிராங்கி லேன் லேசுப்பட்ட ஆள் இல்லை. 1957-ல் வந்த 'கன்ஃபைட் அட் தி ஓ.கே. கொரால்', '3:10 டு யூமா' இரண்டுக்கும் டைட்டில் பாட்டு அவர் பாடியதுதான். கௌபாய் படம் என்றாலே காதில் விழும் குரல் அது. விளம்பரத்தைப் பார்த்து வந்து நின்றவர் சாட்சாத் ஃபிராங்கி லேனேதான்.

வந்தவரிடம் இது காமெடிப் படம் என்று யாரும் சொல்லவில்லை. அவர் நெஞ்சு உருகப் பாடினார். "அவர் பாடிய விதத்தைப் பார்த்த பிறகு உண்மையைச் சொல்ல எங்களுக்கு மனசு வரவில்லை" என்ற பொருளில் புரூக்ஸ் பிற்பாடு பல முறை சொல்லியிருக்கிறார். பாட்டின் நடுவே 'பளீர் பளீர்' என்று சாட்டை சொடுக்கும் சத்தம் வரும். அதெல்லாம் படக்காரர்கள் சேர்த்தது. 1974 பிப்ரவரியில் 'பிளேசிங் சாடில்ஸ்' வெளியானது. அந்தப் பாட்டு ஆஸ்கர் பரிந்துரை வரைக்கும் போனது.

இந்த ஒரு சம்பவத்துக்குள் முழு வித்தையும் அடங்கியிருக்கிறது. பாடுகிறவர் சிரிக்கக் கூடாது. சாட்டையை நாம் சொடுக்கிக்கொள்ளலாம்.

'கேம்ப்' வகை வெஸ்டர்ன் காமெடி என்று விமர்சகர்கள் சொல்வது இதைத்தான். வெஸ்டர்ன் என்பது நமக்குத் தெரியும். கௌபாய் படம் என்று சொல்லிவிட்டால் போதும். 'கேம்ப்' என்ற சொல்லுக்குத்தான் தமிழில் நேர்ச்சொல் கிடையாது. பகடி என்றால் பாதிதான் வருகிறது. ஓவர் ஆக்டிங் என்றால் திட்டுவது போல ஆகிவிடும். அதனால் சுற்றி வளைத்துத்தான் விளக்க வேண்டியிருக்கிறது. கௌபாயிலிருந்தே தொடங்குவோம்.

அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் மாடு மேய்த்தவர்களின் உச்ச காலம் ரொம்பக் குறைவு. 1865-ல் உள்நாட்டுப் போர் முடிந்ததிலிருந்து சுமார் 25 வருடம், அவ்வளவுதான். அந்த 25 வருடத்தைச் சினிமா 100 வருடத்துக்கு மேலாகக் காய்ச்சிக் குடித்துக்கொண்டிருக்கிறது. தூசி பறக்கும் ஒற்றைத் தெரு, தள்ளினால் இரண்டு பக்கமும் ஆடும் சலூன் (அந்த ஊர் மதுக்கடை) கதவு, நெஞ்சில் நட்சத்திரம் குத்திய ஷெரிஃப் என்ற காவல் அதிகாரி, ஊரைப் பிடுங்க நினைக்கும் பண முதலை, யாருக்கும் சொந்தமில்லாத துப்பாக்கிக்காரன் ஒருவன். நடுத்தெருவில் இரண்டு பேர் எதிரெதிரே நிற்பார்கள், விரல் துடிக்கும், ஜன்னல்கள் படபடவென்று சாத்தப்படும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த மேற்கு பிறந்ததிலிருந்தே அசல் மேற்கு கிடையாது. முதல் பிரபலமான கௌபாய் படம் என்று சொல்லப்படும் 'தி கிரேட் டிரெயின் ராபரி' 1903-ல் வந்தது, ஓடுவது சுமார் 12 நிமிஷம். அதன் பெரும்பகுதியை எடுத்தது நியூ ஜெர்சியில். அதாவது கிழக்குக் கரையில்! 1964-ல் செர்ஜியோ லியோனே என்ற இத்தாலிக்காரர், ஜப்பானிய சாமுராய் படம் ஒன்றின் கதையை எடுத்து, ஸ்பெயினின் அல்மேரியாப் பகுதியின் பொட்டல் காட்டைக் காட்டி, கிளிண்ட் ஈஸ்ட்வுட்டை வைத்து ஒரு கௌபாய் படம் எடுத்தார். உலகம் முழுக்க அதை அமெரிக்க மண்ணின் வாசம் என்று நம்பியது. அதே 1964-ல் செக்கோஸ்லோவாக்கியாவில் 'லெமனேட் ஜோ' என்று ஒரு படம் வந்தது. அதன் கதாநாயகன் சாராயத்தைத் தொட மாட்டான், எலுமிச்சை பானம் மட்டும் குடித்துவிட்டுக் குறி தவறாமல் சுடுவான். நடுநடுவே இசை நாடகம் போலப் பாடுவார்கள், திரையின் நிறம் காட்சிக்குக் காட்சி மாறும். கம்யூனிஸ்ட் ஆட்சியில் இருந்த ஒரு ஊரில் கௌபாய் தொப்பி!

ஆக, மேற்கு என்பது வரைபடத்தில் இருக்கும் இடம் என்பதைவிடச் சினிமாக்காரர்கள் ஆணி அடித்துக் கட்டிய இடம். அதில் ஏற்கெனவே செயற்கை கூடிக்கிடக்கிறது. கேம்ப் நுழைவதற்கு இதைவிட வாகான கதவு கிடைக்காது.

அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொன்டாக் 1964-ல் கேம்ப் பற்றிக் குறிப்புகளாக ஒரு கட்டுரை எழுதினார். இயற்கையாக இல்லாததன் மீதும், செயற்கையின் மீதும், மிகையின் மீதும் வரும் காதல்தான் கேம்ப் என்பது அவர் சொன்னதன் சாரம். கேம்ப் கண்ணுக்கு எல்லாமே மேற்கோள் குறிக்குள் தெரியும் என்றும் சொன்னார். விளக்கு வெறும் விளக்காக இல்லாமல் 'விளக்கு' ஆகிவிடும். நம் விஷயத்தில், ஷெரிஃப் 'ஷெரிஃப்' ஆகிவிடுகிறார்.

அவர் பிரித்துக் காட்டிய இன்னொன்று நமக்கு ரொம்ப முக்கியம். தெரியாமல் வரும் கேம்ப் ஒரு வகை, தெரிந்தே செய்வது இன்னொரு வகை. தெரியாமல் வருவதற்கு நம்மிடமே அழகான உதாரணம் இருக்கிறது. 1972-ல் ஜெய்சங்கர் நடித்து, கர்ணன் இயக்கிய 'கங்கா'. கர்ணன் கைதேர்ந்த ஒளிப்பதிவாளர். குதிரைத் துரத்தலை எடுப்பதில் அவரை அடித்துக்கொள்ள அந்தக் காலத்துத் தமிழ் சினிமாவில் ஆள் குறைவு. அந்தப் படத்தை எடுத்தவர்கள் யாரும் சிரிப்புக் காட்ட நினைக்கவில்லை. ஆனால் தொப்பியும் பூட்ஸும் மாட்டிய ஒரு மனிதர் செம்மண் காட்டில் குதிரையை விட்டு இறங்கி அம்மா பாசம் பேசும்போது நமக்கு இதழோரத்தில் ஒரு புன்னகை வருகிறதே, அது கேலி இல்லை. அதில் பாசமும் கலந்திருக்கிறது. அந்தக் கலவைதான் கேம்ப். சின்ன வயதில் இந்தப் படங்களை டிவியில் பார்த்தபோது எனக்கு இருந்த ஒரே சந்தேகம், இத்தனை சண்டையிலும் அந்தத் தொப்பி எப்படி விழாமல் இருக்கிறது என்பதுதான்.

தெரிந்தே செய்வது இதைவிடப் பல மடங்கு கஷ்டம். "மோசமாக எடுத்தால் கேம்ப் ஆகிவிடும்" என்று நினைத்துக் களத்தில் இறங்குகிறவர்கள் அங்கேதான் வழுக்கி விழுகிறார்கள். மோசமாக எடுத்தால் மோசமான படம் வரும், வேறொன்றும் வராது.

முதல் வேலை, அசலைக் கரைத்துக் குடிப்பது. 'பிளேசிங் சாடில்ஸ்' படத்தில் மேடலின் கான் ஒரு சலூன் பாடகியாக வருகிறார். 1939-ல் 'டெஸ்ட்ரி ரைட்ஸ் அகெய்ன்' என்ற கௌபாய் படத்தில் மார்லீன் டீட்ரிஷ் நடித்த சலூன் பாடகியின் நகல் அது. அந்த ஜெர்மன் உச்சரிப்பு, சலிப்பாகக் கால் போட்டு உட்காரும் விதம், ஸ்ருதி லேசாக நழுவும் குரல் எல்லாம் மில்லிமீட்டர் பிசகாமல் இருக்கும். டீட்ரிஷைப் பார்க்காதவர்களும் சிரிப்பார்கள். பார்த்தவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். கானுக்கு அந்த வேடத்துக்காகச் சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது.

அசலைக் கூர்ந்து பார்த்தவருக்குத்தான் அதன் ஓட்டைகள் தெரியும். கௌபாய் படங்களில் ராத்திரி நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து எல்லோரும் தட்டுத் தட்டாக பீன்ஸ் சாப்பிட்டு, கறுப்புக் காப்பி குடிப்பார்கள். 70 வருடமாக இப்படித்தான். ஆனால் ஒரு கௌபாய்க்காவது வயிறு சத்தம் போட்டதுண்டா? புரூக்ஸ் கேட்ட கேள்வி இதுதான். நம் ஊரில் மொச்சைச் சுண்டல் சாப்பிட்ட எவருக்கும் விடை தெரியும். விளைவு, சினிமா வரலாற்றில் மிகவும் புகழ்பெற்ற 'காற்றுப் பிரிதல்' காட்சி. கீழ்த்தரமான நகைச்சுவை என்று ஒதுக்கலாம்தான். ஆனால் அதற்குள் ஒரு கச்சிதமான விமர்சனம் உட்கார்ந்திருக்கிறது. இவர்கள் காட்டிய மேற்கில் மனித உடம்பே இல்லை என்பதுதான் அது. படத்தைத் தயாரித்த வார்னர் நிறுவனத்தின் அதிகாரிகள் அந்தக் காட்சி உட்படப் பலவற்றை வெட்டச் சொன்னார்கள். இறுதி வடிவத்தின் உரிமை ஒப்பந்தப்படி புரூக்ஸ் கையில் இருந்ததால் எதையும் வெட்டவில்லை.

வெட்டச் சொன்னதற்குக் காரணம் பீன்ஸ் மட்டும் இல்லை. படத்தின் கருவே நெருப்பு மாதிரி. ஆண்ட்ரூ பெர்க்மன் என்ற எழுத்தாளர் முதலில் எழுதிய கதைக்கு 'டெக்ஸ் எக்ஸ்' என்று பெயர். அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸின் நிழல் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. 1874-ல் வெள்ளையர்கள் மட்டும் வசிக்கும் ஒரு ஊருக்கு ஒரு கறுப்பர் ஷெரிஃபாக வருகிறார். ஊரை விட்டு ஜனங்களை ஓட்ட வேண்டும் என்பதற்காகவே ஒரு வில்லன் செய்யும் ஏற்பாடு அது. ரயில் பாதை அந்த வழியாக வரப்போகிறது, நிலம் வேண்டும். அசல் வரலாற்றில் கௌபாய்களில் நாலில் ஒருவர் கறுப்பர் என்பது வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடு. திரையில் அவர்கள் காணாமல் போயிருந்தார்கள். அதாவது, இத்தனை அபத்தமான இந்தப் படம் 'சீரியஸ்' கௌபாய் படங்கள் பலவற்றைவிட வரலாற்றுக்குப் பக்கத்தில் நிற்கிறது.

புரூக்ஸ் தனியாக எழுதவில்லை. ஒரு அறையில் ஐந்து பேர் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் மிஞ்சப் பார்த்தார்கள். அதில் ஒருவர் கறுப்பின மேடை நகைச்சுவைக் கலைஞர் ரிச்சர்ட் பிரையர். அவரைத்தான் ஷெரிஃப் வேடத்துக்கும் புரூக்ஸ் கேட்டார், ஸ்டுடியோ மறுத்துவிட்டது. அந்த இடத்துக்கு கிளீவன் லிட்டில் வந்தார். ஒரு விதத்தில் அது நல்லதாயிற்று என்று நினைக்கிறேன். பிரையர் திரையில் இருந்தால் கண் அவரை விட்டு நகராது. லிட்டில் அமைதியான, நாகரிகமான மனிதராக, 'குச்சி' (Gucci) என்ற ஆடம்பர நிறுவனத்தின் முத்திரை போட்ட சேணப் பையோடு குதிரையில் வருகிறார். ஒரு இசைக்குழு பின்னணியில் வாசிக்கிறது. கேமரா நகர்ந்தால், பாலைவனத்தின் நடுவில் ஜாஸ் இசைக்கலைஞர் கவுன்ட் பேசி (Count Basie) தன் முழு ஆர்க்கெஸ்ட்ராவோடு உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருக்கிறார்! லிட்டில் அவருக்குக் கை கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறார். ஒரு ஆச்சரியக்குறிகூட அவர் முகத்தில் கிடையாது.

அந்த முகம்தான் இரண்டாவது வேலை. நடிகர் யாருக்கும் தான் காமெடிப் படத்தில் இருப்பது தெரியக் கூடாது. குடித்துக் கெட்டுப்போன துப்பாக்கி வீரனாக முதலில் ஒப்பந்தமான நடிகர் முதல் நாளே உடல்நிலை கெட்டு விலக, அவசரமாக ஜீன் வைல்டர் வரவழைக்கப்பட்டார். "கை எவ்வளவு உறுதியா இருக்கு பார்" என்பது போல வைல்டர் வலது கையை நீட்டுவார். பாறை மாதிரி நிற்கும். "ஆனா நான் சுடறது இந்தக் கையால" என்று இடது கையைக் காட்டுவார். அது இலை மாதிரி ஆடும். குரலில் ஒரு துளி மசாலா கிடையாது. வெட்கப்படும் ஒரு மனிதனின் குரல் அது. அந்த வெட்கம் உண்மையாக இருப்பதால்தான் கை ஆடுவது சிரிப்பாக இருக்கிறது.

இதற்கு முன்னோடி 1965-ல் வந்த 'கேட் பலூ'. அதில் லீ மார்வினுக்கு இரட்டை வேடம். ஒன்று குடிகாரத் துப்பாக்கிக்காரன், இன்னொன்று உலோக மூக்கு மாட்டிய கொலைகாரன். குடிகாரன் குதிரை மேல் தூங்கி வழிய, குதிரையும் கால்களைப் பின்னிக்கொண்டு சுவரில் சாய்ந்து நிற்கும். குதிரைக்கும் போதை! மார்வினுக்குச் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் கிடைத்தது. மேடையில், இதில் பாதி ஏதோ ஒரு குதிரைக்குச் சேர வேண்டியது என்றார்.

செட் விஷயத்துக்கு வருவோம். கௌபாய் ஊர் என்று நீங்கள் படத்தில் பார்ப்பதில் முக்கால்வாசி வெறும் முகப்பு. முன்பக்கம் வங்கி, சலூன், சவப்பெட்டிக் கடை என்று பலகை மாட்டியிருக்கும், பின்பக்கம் முட்டுக் கொடுத்த மரச்சட்டம். சண்டையில் தலையில் உடையும் பாட்டில் அந்தக் காலத்தில் சர்க்கரைப் பாகைக் காய்ச்சி ஊற்றிச் செய்தது, பிற்பாடு பிசினுக்கு மாறியது. முதுகில் உடையும் நாற்காலி தக்கை மாதிரி லேசான பால்சா மரம். சாதாரணக் கௌபாய் படம் இதையெல்லாம் மறைக்கப் படாத பாடு படும். கேம்ப் படம் அதே திறமையோடு எல்லாவற்றையும் செய்துவிட்டு, சரியான ஒரு நொடியில் மட்டும் திரையை விலக்கிக் காட்டும்.

'பிளேசிங் சாடில்ஸ்' இதைக் கதையாகவே ஆக்கியது. அடியாட்கள் ஊரைக் கொளுத்த வருகிறார்கள் என்று தெரிந்ததும், ஊர் ஜனங்கள் ஒரே ராத்திரியில் பக்கத்தில் தங்கள் ஊரைப் போலவே முகப்பு மட்டும் உள்ள ஒரு போலி ஊரைக் கட்டிவிடுகிறார்கள். ஏற்கெனவே முகப்பு மட்டும் உள்ள ஒரு செட்டுக்கு இன்னொரு முகப்பு! அடியாட்களைத் தாமதப்படுத்தப் பொட்டல் நடுவே ஒரு சுங்கச்சாவடி வேறு. சுற்றிலும் வெட்டவெளி. எந்தப் பக்கமும் போகலாம். ஆனால் குதிரைப் படை முழுக்க வரிசையில் நின்று சில்லறை தேடுகிறது. டோல்கேட்டில் மாட்டிக்கொண்ட எவருக்கும் மொழிபெயர்ப்பு தேவைப்படாத காட்சி.

இவ்வளவுக்கும் அந்தப் படத்தின் செலவு சுமார் 26 லட்சம் டாலர்தான், வசூல் 10 கோடி டாலரைத் தாண்டியது. இதன் எதிர்முனையில் 1999-ல் வந்த 'வைல்ட் வைல்ட் வெஸ்ட்'. வில் ஸ்மித், ராட்சத இயந்திரச் சிலந்தி, 'பிளேசிங் சாடில்'ஸைப் போல பல பத்து மடங்கு பணம். அந்த ஆண்டின் மிக மோசமான படத்துக்கான ராஸி விருது அதற்குத்தான். சிலந்தி உண்மையிலேயே பிரமாண்டமாக இருந்தது, அதுதான் தப்பு. பணம் கண்ணில் பட்டவுடன் நாம் பிரமிக்கத் தயாராகிவிடுகிறோம், சிரிக்கத் தோன்றுவதில்லை. அட்டை அட்டையாகத் தெரிவதில் ஒரு சிநேகம் இருக்கிறது.

நம் பக்கம் இந்த வித்தையைத் தெரிந்தே செய்தவை என்று இரண்டைச் சொல்வேன். 90-களில் சேனல் வி தொலைக்காட்சியில் சின்னச் சின்ன விளம்பரத் துண்டுகளாகப் பிறந்த தமிழ்க் கௌபாய் 'குயிக் கன் முருகன்', 2009-ல் ஷஷாங்க கோஷ் இயக்கத்தில் முழுப்படமாக வந்தார். பச்சைச் சட்டை, சிறுத்தைப் புள்ளி மேல்சட்டை, சுத்த சைவம். வில்லனின் திட்டம் தோசையை உலகளாவிய தொழிற்சாலைச் சரக்காக்குவது. முருகனின் காதலி செத்துப்போய் அவர் கழுத்து லாக்கெட்டுக்குள் குடியிருந்து பேசுகிறார். தெலுங்கு நடிகர் ராஜேந்திர பிரசாத் இதையெல்லாம் ஏதோ காவியம் போல முகத்தை வைத்துக்கொண்டு செய்கிறார். 'மதராஸி' உச்சரிப்பை வடக்கே கேலி செய்வதற்கு இது இன்னொரு கருவியாகிவிட்டதே என்ற உறுத்தல் எனக்கு உண்டு, முருகன் அடிக்கடி சொல்லும் "மைண்ட் இட்" என்பதை வடக்கில் எத்தனை பேர் நம் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார்கள்! ஆனாலும் ராஜேந்திர பிரசாத்தின் அந்த அசையாத முகத்துக்காக மன்னித்துவிடலாம்.

மறு வருடம், 2010 மே மாதம், சிம்புதேவனின் 'இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்'. லாரன்ஸ் கதாநாயகன். ஊரின் பெயர் ஜெய்சங்கர்புரம். 1972-ல் தெரியாமல் நடந்ததற்கு 38 வருடம் கழித்துத் தெரிந்தே வைத்த வணக்கம் அது. வில்லனின் பெயர் கிழக்குக்கட்டை. ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். ஈஸ்ட் என்றால் கிழக்கு, வுட் என்றால் கட்டை! ஒரே பெயரில் ஹாலிவுட்டும் நம் ஊர்ப் பட்டப்பெயர் வைக்கும் குசும்பும் கைகுலுக்கிக்கொள்கின்றன. கார்ட்டூன் போட்டு வளர்ந்தவர் இயக்குநரானால் இப்படித்தான் பெயர் வைப்பார்.

இரண்டு படங்களுக்கும் வில்லன் ஒரே ஆள்: நாசர். முன்னதில் ரைஸ் பிளேட் ரெட்டி, பின்னதில் கிழக்குக்கட்டை. தற்செயலாக இருக்கலாம். ஆனால் இந்த வகைப் படத்துக்கு அவரைத் தேடிப் போனதில் ஒரு நியாயம் இருக்கிறது. நாடகப் பயிற்சி உள்ள நடிகர் ஒற்றைக்கண் பட்டை மாட்டினாலும் மாட்டாவிட்டாலும் அதே தீவிரத்தோடு வசனம் பேசுவார். நாசர் கண்ணடித்து "நான் சும்மா விளையாடுகிறேன்" என்று காட்டிக்கொள்ளவே மாட்டார். மொத்தக் கோமாளித்தனத்துக்கும் அவர்தான் முட்டுச்சட்டம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். கௌபாய் படங்களை நகலெடுக்கும்போது அவற்றின் அழுக்கும் கூடவே வந்துவிடும். அமெரிக்கப் பூர்வகுடிகளை இறகு செருகிய கோமாளிகளாகக் காட்டும் பழக்கம் அதில் முக்கியமானது. ஜெர்மனியிலும் சரி, நம் ஊரிலும் சரி, பல பகடிப் படங்கள் அதை யோசிக்காமல் அப்படியே எடுத்துக்கொண்டன. புரூக்ஸ் இதில் கொஞ்சம் சாமர்த்தியமாகத் தப்பினார். தன் படத்தில் பூர்வகுடித் தலைவராக அவரே வந்து, யூதர்களின் யித்திஷ் மொழியில் பேசுகிறார். ஹாலிவுட்டில் அந்த வேடங்களை வேறு இனத்தவரே போட்டுவந்தார்கள் என்பதுதான் அங்கே கேலிக்கு உள்ளாவது. ஆனால் அதே படத்தில் இன்று பார்த்தால் நெளியவைக்கும் ஜோக்குகள் பெண்களைப் பற்றியும் தன்பாலினத்தவரைப் பற்றியும் உண்டு. சாட்டையைச் சொடுக்கும்போது அது யார் முதுகில் விழுகிறது என்று பார்த்துக்கொள்வதும் இந்தத் தொழிலில் ஒரு பகுதி.

குறும்படமாக ஒன்றை எடுத்துப் பார்க்கலாமா என்று உங்களுக்குக் கை அரிக்கிறது என்றால், தொப்பி வாங்கப் போவதற்கு முன் நான்கைந்து அசல் கௌபாய் படங்களைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். யார் எப்போது எச்சில் விழுங்குகிறார்கள், எப்போது ஜன்னல் சாத்தப்படுகிறது, கேமரா எப்போது இடுப்புத் துப்பாக்கிக்கு இறங்குகிறது என்று தெரியும். பிறகு அதில் ஒரே ஒரு பொய்யைக் கண்டுபிடியுங்கள், பீன்ஸ் போல. அதன் மேல் படத்தை ஏற்றுங்கள். எடிட்டிங்கில் ஒவ்வொரு ஜோக்குக்கும் பின்னால் சிரிப்பதற்கு இடம் விட்டு வெட்டத் தோன்றும், அப்படி இடம் விடாதீர்கள். கதாபாத்திரம் காத்திருப்பது தெரிந்துவிடும்.

முதலில் யாரிடம் போட்டுக் காட்டுகிறீர்கள் என்பதிலும் கவனம் வேண்டும். 'பிளேசிங் சாடில்'ஸை முதலில் ஸ்டுடியோ மேலதிகாரிகளுக்குப் போட்டபோது அரங்கில் சிரிப்பே எழவில்லை என்று புரூக்ஸ் சொல்லியிருக்கிறார். அன்றைக்கே அலுவலகத்தில் வேலை பார்க்கும் சாதாரண ஊழியர்களைக் கூட்டி இன்னொரு முறை போட்டார்கள். கூரை பிய்த்துக்கொண்டு போனது.

அந்தப் படத்தின் கடைசிக் கட்டம் இன்னும் பெரிய கூத்து. ஊர்ச் சண்டை முற்றி, செட்டின் சுவரை உடைத்துக்கொண்டு பக்கத்து ஸ்டேஜில் நடனப் படம் எடுத்துக்கொண்டிருப்பவர்கள் மேல் விழுகிறது. அங்கிருந்து ஸ்டுடியோ கேன்டீன், அங்கிருந்து தெரு. வில்லன் டாக்ஸி பிடித்துத் தப்பி ஒரு தியேட்டருக்குள் நுழைந்தால், உள்ளே ஓடிக்கொண்டிருப்பது இதே படம். எல்லாம் முடிந்து ஷெரிஃபும் அவர் நண்பரும் கௌபாய் மரபு வழுவாமல் குதிரையேறி அந்திச் சூரியனை நோக்கிப் போகிறார்கள். கொஞ்ச தூரம் போனதும் ஒரு நீளமான கார் நிற்கிறது. இறங்கி, குதிரைகளை ஆட்களிடம் கொடுத்துவிட்டு, காரில் ஏறிப் போய்விடுகிறார்கள்.